செய்தவர் பெயரென்ன?

நகையைப் பற்றித் தலித் இதழில் எழுத என்ன இருக்கிறது என்று கேட்கிற தோழர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். நகை என்றால் நிலவுடைமைச் சமூகத்தின் மிச்சம், பெண்ணடிமைச் சின்னம், வரதட்சணை, அடகுக்கடை. நம் மேடைகளில் இவ்வளவுதான் பேச்சு. எதையும் மறுக்கவில்லை. நகைமோகத்தைப் பெரியார் கண்டித்ததும் நியாயம்தான். ஆனால் யார் போட்டார்கள், யார் பறித்தார்கள், யார் வட்டிக்குப் பிடித்தார்கள் என்றெல்லாம் பேசுகிற இயக்கங்கள், யார் செய்தார்கள் என்று மட்டும் கேட்பதில்லை. கவிதைக்கு உரிமை கேட்டாயிற்று. நாவலுக்கு, நாடகத்துக்கு, பறைக்குக் கேட்டாயிற்று. சுத்தியலுக்கும் பட்டடைக்கல்லுக்கும் இன்னும் கேட்கவில்லை. 'அது ஆசாரி வேலைப்பா' என்ற ஒரே பதிலில் பேச்சு முடிந்துவிடுகிறது. சாதி என்ன பதில் சொல்லுமோ அதே பதில்.

இந்தப் பக்கம் நாம் முகத்தைத் திருப்பிக்கொண்டிருக்க, அந்தப் பக்கம் கடை களை கட்டுகிறது. பெருநகரங்களில் கைவினை நகைக் கண்காட்சிகள் நடக்கின்றன. வழவழப்பான தாளில் வடிவமைப்பாளரைப் பற்றி ஒரு குறிப்பு தருவார்கள். எல்லாக் குறிப்புகளையும் ஒரே ஆள் எழுதியதுபோல இருக்கும். சிறு வயதிலேயே பாட்டியின் நகைப்பெட்டியைத் திறந்து பார்த்து மயங்கினாராம். வெளிநாட்டில் மேலாண்மை படித்தாராம். அந்த வேலை அலுத்துப்போய்க் கைவினைக்குத் திரும்பினாராம். கோயில் சிற்பங்களிலிருந்தும் பழங்குடி மக்களின் அணிகலன்களிலிருந்தும் 'உந்துதல்' பெற்றாராம்.

இந்த 'உந்துதல்' என்ற சொல்லைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கவேண்டும். பாட்டிக்கு நகைப்பெட்டி இருந்தால்தானே திறந்து பார்க்க முடியும்? எங்க பாட்டியிடம் இருந்தது சுருக்குப்பை. அதில் வெற்றிலையும் ரெண்டு அடகு ரசீதும் இருக்கும். கோயில் சிற்பத்திலிருந்து உந்துதலாம். மதுரை மீனாட்சி கோயிலுக்குள் எங்கள் ஆட்கள் கால் வைத்ததே 1939 ஜூலையில்தான். அதற்கு முன்னால் நின்ற இடத்திலிருந்து கோபுரம் தெரிந்திருக்கும். அம்மன் கழுத்தில் கிடந்தது காசுமாலையா மாங்காய்மாலையா என்று தெரிந்திருக்க வாய்ப்பில்லை. பார்க்கவே விடாத கண்ணுக்கு உந்துதல் எங்கிருந்து வரும்?

'பழங்குடி' உந்துதல் இதைவிட வேடிக்கை. பேருந்து நிலையத்தில் நரிக்குறவப் பெண்கள் உட்கார்ந்து குறட்டால் கம்பியை வளைத்து மணி கோர்க்கிறார்களே, பார்த்திருப்பீர்கள். பிள்ளை மடியில் பால் குடிக்கும், கை வேலை செய்துகொண்டே இருக்கும். பவளத்துக்குப் பக்கத்தில் கறுப்புமணி, அதற்குப் பக்கத்தில் ஒரு பித்தளைக் குண்டு. எந்த நிறத்துக்கு அடுத்து எந்த நிறம் என்று அந்தக் கை முடிவு செய்கிறது. அதற்குப் பெயர் வடிவமைப்பு இல்லையாம். 'மணி விக்கிறவங்க.' பத்து ரூபாய் குறைக்கச் சொல்லிப் பேரம் பேசுவோம். அதே கோர்வை, கண்ணாடிப் பேழைக்குள் விளக்கு வெளிச்சத்தில் கிடந்தால் 'ட்ரைபல் கலெக்ஷன்'. தமிழ்நாட்டு நரிக்குறவர்களைப் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கும் சட்டத்துக்கு 2022 டிசம்பர்வரை நாடாளுமன்றத்தில் காத்திருக்க வேண்டியிருந்தது. அவர்களுடைய நகைக்கு மட்டும் அந்தப் பட்டம் எப்போதோ கிடைத்துவிட்டது. விற்பவருக்கு லாபம் தருகிற பட்டம் சீக்கிரம் கிடைக்கும் போலிருக்கிறது.

உடம்பில் என்ன உலோகம் ஏறலாம் என்பது இந்த நாட்டில் ஒருகாலத்திலும் தனிமனித ரசனையாக இருந்ததில்லை. அது சட்டமாக இருந்தது. சண்டாளனுக்கு உடை பிணத்தின் துணி, உண்கலம் உடைந்த சட்டி, அணிகலன் இரும்பு என்று மனு பத்தாம் அத்தியாயத்தில் எழுதிவைத்தான். பழைய கதை என்று தள்ளுகிறவர்களுக்கு நம் ஊர்க் கதை ஒன்று உண்டு. 1930 டிசம்பரில் இராமநாதபுரம் மாவட்டத்தில் ஆதிக்கச் சாதியார் ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகள் விதித்தார்கள். ஹட்டன் தன் சாதி பற்றிய நூலில் வரிசையாகப் பதிவு செய்திருக்கிறார். முதல் தடையே பொன் நகையும் வெள்ளி நகையும் போடக்கூடாது என்பதுதான். சட்டை போடக்கூடாது, குடை பிடிக்கக்கூடாது, செருப்புப் போடக்கூடாது, பெண்கள் பூ வைக்கக்கூடாது, மண்பாண்டம் தவிர வேறு பாத்திரம் வைத்துக்கொள்ளக்கூடாது என்பதெல்லாம் அதோடு சேர்ந்தவை. மீறியவர்களின் குடிசைகள் எரிந்தன. 1931 ஜூனில் எட்டு பதினொன்றாயிற்று. அந்தப் பதினொன்றில் பிள்ளைகள் படிக்கக்கூடாது என்பதும் உண்டு. நகைக்கும் படிப்புக்கும் ஒரே பட்டியலில் தடை போட்டவனுக்கு இரண்டும் என்ன என்று தெரிந்திருந்தது. நகை அற்ப விஷயம் என்று சொல்கிற தோழருக்குத்தான் தெரியவில்லை.

தடுத்தது ஒரு பக்கம். திணித்தது இன்னொரு பக்கம். திருவிதாங்கூரில் புலையப் பெண்கள் கல்லுமாலைதான் போடவேண்டும். கல்லும் கண்ணாடிமணியும் கோர்த்த மாலை, காதிலும் கையிலும் இரும்பு வளையம். அது அழகுக்கு இல்லை. தூரத்தில் வரும்போதே சாதி தெரியவேண்டும் என்பதற்கு. 1915 அக்டோபரில் பெரிநாட்டில் அந்த மாலையை மறுத்ததற்காகக் கலவரம் வெடித்தது. புலையர் குடிசைகள் கொளுத்தப்பட்டன. அந்த டிசம்பரில் கொல்லத்தில் அய்யன்காளி கூட்டிய கூட்டத்தில் பெண்கள் கழுத்திலிருந்த கல்லுமாலையை அறுத்து எறிந்தார்கள். குவியலாய்க் கிடந்ததாம். பன்னிரண்டு வருஷம் கழித்து, 1927 டிசம்பரில், மகாடில் மனுஸ்மிருதியைக் கொளுத்திய கையோடு அம்பேத்கர் பெண்களிடம் தனியாகப் பேசினார். கை நிறைய, கழுத்து நிறையப் போட்டிருக்கும் மட்டமான உலோக நகைகள் உங்களைத் தீண்டத்தகாதவர் என்று காட்டிக்கொடுக்கின்றன, கழற்றுங்கள். போட்டால் பொன் போடுங்கள், இல்லையென்றால் ஒன்றும் வேண்டாம் என்பது அந்தப் பேச்சின் சாரம்.

ஆக, கல்லுமாலையை அறுத்தது சரி, பித்தளையைக் கழற்றியது சரி. சரி, கழற்றிப் போட்ட பிறகு? அந்த உலோகம் என்ன ஆவது? அதைத் தொடவே கூடாதா? அவமானத்தின் உலோகம் என்று குப்பையில் போட்டுவிட்டால் அதை எடுத்துக்கொண்டுபோய்க் கண்ணாடிப் பேழையில் வைக்க ஆள் வருகிறார்களே, அவர்களிடம் என்ன சொல்வது? இந்தக் கேள்வியோடு இருக்கும்போதுதான் நியூயார்க்கில் ஒரு கறுப்பர் செம்பையும் பித்தளையையும் வைத்துக்கொண்டு முப்பது ஆண்டுகளுக்குமேல் என்ன செய்தார் என்பது எனக்குப் படிக்கக் கிடைத்தது. கறுப்பர்களின் கவிதையைப் படித்திருக்கிறோம், தன்வரலாறுகளைப் படித்திருக்கிறோம். சிறுத்தைகள் என்ற பெயரையே அங்கிருந்துதான் மராட்டியத் தோழர்கள் எடுத்தார்கள். அவர்களுடைய பட்டறைக்குள் நாம் போனதில்லை.

அவர் பெயர் ஆர்ட் ஸ்மித். 1917இல் கியூபாவில் பிறந்தவர். பெற்றோர் ஜமைக்காக்காரர்கள். குடும்பம் நியூயார்க்கின் புரூக்ளின் பகுதிக்குக் குடிபெயர்ந்தது. படம் போடுவதில் கெட்டிக்காரப் பையன். கூப்பர் யூனியன் கல்லூரியில் உதவித்தொகையோடு இடம் கிடைத்தது. விரல்விட்டு எண்ணக்கூடிய கறுப்பு மாணவர்களில் ஒருவர். அங்கே ஆசிரியர்கள் கூப்பிட்டு அறிவுரை சொன்னார்கள்: கட்டடக்கலை எடுத்துப் படி, அரசாங்க வேலை கிடைக்கும் என்று. கெட்ட எண்ணத்தில் சொன்னதாக நான் நினைக்கவில்லை. நம் வீட்டில் அப்பனும் மாமனும் சொல்வது இதைத்தானே. 'கவிதையெல்லாம் அப்புறம் எழுதலாம், மொதல்ல டி.என்.பி.எஸ்.சி. எழுது.' பசித்த வீட்டின் அறிவுரை அது, அதைக் கேலி செய்ய எனக்கு மனசு வராது. ஆனால் அந்த அறிவுரைக்குள்ளே ஒரு கணக்கு இருக்கிறது. கலை அவர்களுக்கு, வேலை நமக்கு. ஸ்மித்துக்கு நல்லவேளையாகக் கணிதம் வரவில்லை. கட்டடக்கலையை விட்டுச் சிற்பத்துக்குப் போனார். 1940இல் படிப்பை முடித்தார்.

உடனே நகை செய்யவில்லை. இளைஞர்களுக்கு வேலை தேடித்தரும் அமைப்புகளில் வேலை பார்த்தார். இரவு வகுப்பில் நகை செய்யக் கற்றார். வின்ஃபிரெட் மேசன் என்ற கறுப்புப் பெண்ணைச் சந்தித்த பிறகுதான் வாழ்க்கை திரும்பியது. நகை செய்து விற்பதையே தொழிலாகக் கொண்ட முதல் அமெரிக்கக் கறுப்பர் என்று மேசனைச் சொல்வார்கள். கிரீன்விச் வில்லேஜில் சின்னதாகப் பட்டறையும் கடையும் வைத்திருந்தார். செம்புதான் அவருடைய உலோகம். 1940களில் உதவித்தொகை பெற்று ஹெய்த்திக்குப் போய் அங்குள்ள மக்கள் கலையைப் படித்தார். அடிமைகளே கிளர்ந்தெழுந்து 1804இல் விடுதலை வாங்கிய தீவு அது. தன் உந்துதலைத் தேடி ஒரு கறுப்புப் பெண் அங்கே போகிறாள் என்றால் அது சுற்றுலா இல்லை. ஸ்மித் அவரிடம் முழுநேர உதவியாளராகச் சேர்ந்தார். அந்த வில்லேஜ் கடையில் ஒரு கறுப்புப் பெண் குரு, ஒரு கறுப்பு இளைஞன் சீடன். பரம்பரையும் இல்லை, குலமும் இல்லை. ஸ்மித்தின் பெயர் தெரிந்தவர்களிலேயே பலருக்கு மேசனின் பெயர் தெரியாது என்பதையும் இங்கே சொல்லிவைக்கிறேன். பெண் கற்றுக்கொடுத்ததை ஆணின் மேதைமையில் வரவு வைப்பதில் கறுப்பு வெள்ளை வித்தியாசம் இல்லை, நம்மிடமும் இல்லை.

1946இல் கார்னீலியா தெருவில் ஸ்மித் சொந்தக் கடை திறந்தார். வில்லேஜ் என்றால் ஓவியர்களும் கவிஞர்களும் கலகக்காரர்களும் குடியிருக்கும் முற்போக்கான பகுதி என்று பெயர். அங்கேதான் ஒரு கறுப்பன் கடை போட்டதைப் பொறுக்காமல் வன்முறையில் இறங்கினார்கள். நமக்கு இதெல்லாம் புதுசா என்ன? முற்போக்குத் தெருவில் வீடு கேட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும். கடையை மேற்கு நான்காம் தெருவுக்கு மாற்றினார். அங்கே நிலைத்தது.

டாலி பீட்டி என்ற கறுப்பு நடனக் கலைஞர் நண்பரானார். அவர் வழியாகக் கறுப்புக் கலைஞர்கள் கூடுகிற ஒரு வீட்டு ஜமாவில் ஸ்மித் சேர்ந்தார். ஜேம்ஸ் பால்ட்வின் வருவார், இசையமைப்பாளர் பில்லி ஸ்ட்ரேஹார்ன் வருவார், ஹாரி பெலஃபாண்டே வருவார். பீட்டி, பெர்ல் பிரைமஸ் ஆகியோரின் நடனக் குழுக்களுக்கு ஸ்மித் நகை செய்து கொடுத்தார். மேடை நகை கடைசி வரிசைக்கும் தெரியவேண்டும். ஆடுகிறவள் திரும்பினால் கூடவே திரும்பவேண்டும், குதித்தால் குத்தக்கூடாது. இந்த வேலைதான் அவர் கையைப் பெரிதாக்கியது. விரலுக்குள் அடங்கும் நகையிலிருந்து தோளையும் நெஞ்சையும் முழங்கையையும் சுற்றிப் படரும் நகைக்குப் போனார். 'லாவா' என்று ஒரு கைக்காப்பு செய்தார். தகடுமேல் தகடாக எரிமலைக் குழம்பு வழிந்து உறைந்தாற்போல முன்கையைக் கவ்விக்கொள்ளும். 'பட்டினா' என்று ஒரு கழுத்தணி. தொங்குகிற துண்டுகள் மூச்சுவிட்டால் அசையும். கம்பியும் தகடும் எவ்வளவு முக்கியமோ நடுவில் விட்ட வெற்றிடமும் அவருக்கு அவ்வளவு முக்கியம். அந்த வெற்றிடத்தை நிரப்புவது போடுகிறவரின் தோல்.

நகை தனியாகக் கிடக்கும்போது பாதிப் பொருள்தான், உடம்பில் ஏறும்போதுதான் அது முழுமையாகிறது என்பது ஸ்மித்தின் கருத்து. அழகியல் பேராசிரியர் இதை உடலும் வெளியும் என்று விளக்குவார். எனக்கு வேறு ஒன்று தோன்றுகிறது. எந்த உடம்பு? அட்லாண்டிக் கடலைக் கடந்துவந்த கப்பலில் கறுப்பு உடம்பின் மணிக்கட்டிலும் கணுக்காலிலும் கழுத்திலும் ஏறிய முதல் உலோகம் விலங்கு. கொல்லன் அடித்து, பூட்டி, ஆணி வைத்தது. அதே மணிக்கட்டுக்கு, அதே கழுத்துக்கு, விலங்கின் அகலத்தில் ஒரு செப்புத் தகட்டை வளைக்கிறான் ஒருவன். திறந்த முனையோடு வளைக்கிறான். கழற்ற வேண்டுமானால் கழற்றிக்கொள்ளலாம். ஸ்மித் இப்படி விளக்கினார் என்று நான் சொல்லவில்லை. இது என் வாசிப்பு. கல்லுமாலை அறுத்த பெண்களின் பக்கத்திலிருந்து பார்க்கிற எனக்கு வேறு எப்படி வாசிக்க வரும்?

தாமிரம், பித்தளை, பிறகு வெள்ளி. பொன்னை அவர் பெரிதாக நம்பியிருக்கவில்லை. விலை குறைவு என்பது ஒரு காரணம். விலை உலோகத்தில் இல்லை, கையில் இருக்கிறது என்ற திமிர் இன்னொன்று. இந்தத் திமிர் எனக்குப் பிடித்திருக்கிறது. நம் கடைகளில் நகை என்பது பவுன் கணக்கு. செய்கூலி, சேதாரம் என்று கடைசியில் ரெண்டு வரி போடுவார்கள். செய்கிறவன் கூலிக்கும் வீணாய்ப்போன பொடிக்கும் பக்கத்துப் பக்கத்தில் இடம்.

உந்துதல் என்ற சொல்லுக்கு மறுபடி வருகிறேன். ஸ்மித்துக்கு ஜாஸ் இசை உந்துதல், நடனம் உந்துதல், ஆப்பிரிக்கக் கலை உந்துதல். கூடவே கால்டர் என்ற வெள்ளைச் சிற்பியின் அந்தரத்தில் தொங்கி ஆடும் சிற்பங்களும் அவருக்கு உந்துதல்தான். இதிலே ஒரு கூத்து இருக்கிறது. 1907 வாக்கில் பாரிஸ் அருங்காட்சியகத்தில் ஆப்பிரிக்க முகமூடிகளைப் பார்த்து பிக்காசோ அதிர்ந்துபோனார், நவீன ஓவியம் திரும்பியது என்று எல்லாப் பாடப்புத்தகத்திலும் இருக்கிறது. அந்த முகமூடிகளைச் செதுக்கியவன் பெயர் ஒரு புத்தகத்திலும் இல்லை. எடுத்தவன் மேதை, செய்தவன் இனக்குழு. அப்படி எடுத்துக்கொண்டு போனதை நவீனக் கலை என்று அமெரிக்கக் கல்லூரியில் பாடம் வைக்கிறார்கள். ஒரு கறுப்பு மாணவன் உட்கார்ந்து அதைப் படிக்கிறான். படித்துவிட்டு, தன் முப்பாட்டன் சொத்தை வட்டியோடு திருப்பி எடுத்துக்கொண்டு, மேலே தன் பெயரை எழுதுகிறான். கண்காட்சி அம்மையார் பெறுகிற உந்துதலுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று கேட்கிறவர்கள் உண்டு. அம்மையார் எடுத்த இடத்தில் ஒரு பெயர் குறைகிறது. ஸ்மித் எடுத்த இடத்தில் ஒரு பெயர் கூடுகிறது.

பிறகு நடந்ததெல்லாம் பெயர் வளர்ந்த கதை, வேகமாகச் சொல்லிவிடலாம். 1950களில் 'வோக்', 'ஹார்ப்பர்ஸ் பஜார்' பத்திரிகைகளில் அவர் நகைகள் வந்தன. டியூக் எலிங்டனுக்கு அவருடைய புகழ்பெற்ற பாட்டின் தொடக்கச் சுரங்களைப் பொறித்துச் சட்டைக்கைப் பொத்தான் செய்துகொடுத்தார். கறுப்பர் உரிமை அமைப்பின் கிளை ஒன்று எலினார் ரூஸ்வெல்ட்டுக்குப் பரிசளிக்க இவரிடம்தான் ஊக்கு செய்யச் சொன்னது. 1969இல் நியூயார்க்கின் சமகாலக் கைவினை அருங்காட்சியகம் அவருக்கென்று தனிக் கண்காட்சி நடத்தியது. அவர் தன்பால் ஈர்ப்பாளர்; கறுப்பர் உரிமைக்கும் அந்த உரிமைக்கும் சேர்த்தே நின்றவர். 1982இல் இறந்தார்.

'வெள்ளைக்காரச் சீமாட்டிகளுக்கு நகை விற்றவனைப் போய்த் தூக்கிவைத்துக் கொண்டாடுகிறீர்களே' என்று ஒரு தோழர் நேரில் கேட்டார். விற்றார்தான். விற்காமல் எதைத் தின்பது? கவிதைத் தொகுப்பை நாமும்தான் புத்தகக் கண்காட்சியில் விற்கிறோம், வாங்குகிறவரிடம் சாதிச் சான்றிதழ் கேட்பதில்லை.

நம் ஊருக்குத் திரும்புவோம். எங்கள் தெருவில் ஒரு பையன். கருகிப்போன மோட்டார் காயிலைப் பிரித்து அதிலிருந்த செப்புக் கம்பியை முறுக்கி, தங்கச்சிக்குத் தோடு செய்துகொடுத்தான். நாலு இழையைப் பின்னி நடுவில் ஒரு சுழி. நான் பார்த்தேன். கடைத்தெருவில் அப்படியொரு வேலை கிடையாது. நகை வேலை கற்றுக்கொள்ள ஆசை வந்து பக்கத்து ஊரில் ஒரு பட்டறைக்குப் போனான். முதல் கேள்வி, 'எந்தத் தெரு தம்பி?' சொன்னான். 'இது வாரிசுத் தொழில்ப்பா. தங்கம் பொழங்குற எடம், நம்பிக்கை முக்கியம் பாரு.' சத்தமில்லை, திட்டு இல்லை, டீ கூட வாங்கிக்கொடுத்தார்களாம். 'நம்பிக்கை' என்ற அந்தச் சொல்லைக் கவனியுங்கள். பையன் இன்னும் ஒரு பொடித் தங்கத்தைக்கூடக் கண்ணால் பார்க்கவில்லை, அதற்குள் திருடனாகிவிட்டான். இப்போது இருசக்கர வண்டி பழுதுபார்க்கிறான்.

எம்.ஏ. தமிழ் படித்த எனக்கு இந்த இடத்தில் சிலப்பதிகாரம் ஞாபகத்துக்கு வராமல் இருக்காது. கடலாடு காதையில் மாதவி போட்டுக்கொண்ட நகைகளை இளங்கோ விரலிலிருந்து தலைவரைக்கும் அடுக்குகிறார். ஒன்றைச் செய்தவர் பெயரும் கிடையாது. காப்பியமே ஒரு சிலம்பைச் சுற்றி நடக்கிறது. உள்ளே மாணிக்கமா முத்தா என்பதில் ஒரு நகரம் எரிகிறது. அந்தச் சிலம்பைச் செய்த கை எது? தெரியாது. பெயரில்லாத பொற்கொல்லன் ஒருவன் வருகிறான், திருடனாக. கடைசியில் மழை வேண்டிக் கண்ணகிக்கு ஆயிரம் பொற்கொல்லர்களைப் பலி கொடுக்கிறான் பாண்டியன். இதை வகுப்பில் யாரும் நின்று பேசியதில்லை. அடுத்த காதைக்குப் போய்விட்டார்கள்.

அதனால்தான் சொல்கிறேன், ஆசாரிமார் மீது எனக்குப் பகை இல்லை. 1963இல் மொரார்ஜி தேசாயின் தங்கக் கட்டுப்பாட்டில் 14 காரட்டுக்கு மேல் நகை செய்யக்கூடாது என்றானபோது எத்தனை பொற்கொல்லர் வீடுகளில் அடுப்பு அணைந்தது, எத்தனை பேர் தற்கொலை செய்துகொண்டார்கள் என்பது பழைய ஆட்களுக்குத் தெரியும். இன்று நகைக்கடை விளம்பரத்தில் நடிகை இருக்கிறார், முதலாளி இருக்கிறார். 2023 ஏப்ரலிலிருந்து முத்திரையிட்டு விற்கும் தங்க நகைக்கு ஆறு இலக்க அடையாள எண் கட்டாயமாயிற்று. நகைக்கு ஆதார் வந்துவிட்டது. செய்தவருக்கு ஒரு வரி வரவில்லை. வாரிசுத் தொழில் என்று கதவைச் சாத்திக்கொண்டவருக்கும் பெயர் இல்லை, கதவுக்கு வெளியே நின்ற பையனுக்கும் பெயர் இல்லை. சாத்தின கதவால் அவருக்கு என்ன லாபம் என்று அவரே யோசிக்கட்டும்.

இந்தக் கதவுக்கு அரசாங்கமே தாழ்ப்பாள் செய்துகொடுக்கப் பார்த்தது. 2023 செப்டம்பரில் ஒன்றிய அரசு விஸ்வகர்மா திட்டம் கொண்டுவந்தது. பதினெட்டுத் தொழில்கள், பொற்கொல்லர் தொழில் உள்பட. பயிற்சி, கருவி வாங்கப் பணம், மூன்று லட்சம் வரை கடன். எல்லாம் சரி. யாருக்கு? குடும்பவழியாக வருகிற பாரம்பரியத் தொழிலைச் செய்கிறவர்களுக்கு. வயது பதினெட்டு ஆனால் போதும். கல்லூரிக்குப் போகவேண்டிய வயதில் அப்பன் தொழிலுக்குப் போ என்கிறது. 1953இல் ராஜாஜி அரை நாள் பள்ளி, அரை நாள் அப்பன் தொழில் என்றார். மறுவருஷமே அதைக் கைவிடவைத்தது இந்த மண். செருப்புத் தைக்கிறவர் மகனுக்குச் செருப்பு ஊசி, தட்டார் மகனுக்கு ஊதுகுழல். ஊசியையும் ஊதுகுழலையும் மாற்றிப் பிடிக்க இந்தத் திட்டத்தில் வழி இல்லை. 2024 நவம்பரில் தமிழ்நாடு அரசு இந்த வடிவத்தில் அதைச் செயல்படுத்த முடியாது என்று எழுதியது. 2025 ஏப்ரலில் குடும்பத் தொழில் நிபந்தனை இல்லாத கலைஞர் கைவினைத் திட்டம் தொடங்கியது. இருபத்தைந்து தொழில்கள், முப்பத்தைந்து வயதுக்கு மேல். காகிதத்தில் சாதியை எடுத்தது நல்ல காரியம், வரவேற்கிறேன். ஆனால் என் தெருப் பையனுக்குக் கடன் இரண்டாவது விஷயம். பக்கத்தில் உட்காரவைத்துத் தீயை எப்படி ஊதுவது, எந்தச் சூட்டில் பற்றவைப்பு ஓடும் என்று காட்டிக்கொடுக்க ஒரு ஆள் வேண்டும். மேசனைப் போல ஒரு ஆள். அதை எந்தக் கைவினைத் திட்டமும் தரவில்லை.

பறை விஷயத்தில் இதே சண்டை நமக்குள் நடந்தது. சாவுக்கு அடிக்கும் இழிவு இது, எரித்துவிடு என்றது ஒரு பக்கம். இது எங்கள் இசை, மேடையேற்று என்றது இன்னொரு பக்கம். இரண்டு பக்கத்திலும் காயம் பட்டவர்கள்தான் இருந்தார்கள். 'போய் அடிடா' என்றபோது மறுத்தது சரி. நான் அடிக்கிறேன் என்று தோளில் மாட்டிக்கொண்டதும் சரி. பித்தளைக்கும் செம்புக்கும் கறுப்புமணிக்கும் இது பொருந்தாது என்று யார் சொன்னது? அம்பேத்கர் கழற்றச் சொன்னது அடையாளம் என்று அடுத்தவன் மாட்டிய உலோகத்தை. அந்தப் பேச்சைக் காட்டி, உலோகத்தையே தொடாதே என்று பிள்ளைகளிடம் சொன்னால், 1931இன் பட்டியலை நம் கையெழுத்தில் எழுதுகிறோம் என்றுதான் அர்த்தம்.

2008இல் புரூக்ளின் அருங்காட்சியகம் ஸ்மித்தின் நகைகளை வைத்துக் கண்காட்சி நடத்தியது. அவர் வளர்ந்த அதே புரூக்ளின். நகைகளோடு அவர் போட்ட வரைபடங்கள், அவர் சுத்தியலும் கருவிகளும், கடையில் மாட்டியிருந்த பெயர்ப்பலகை எல்லாவற்றையும் வைத்திருந்தார்கள்.

கலை இரவு நடத்துகிற தோழர்களுக்கு ஒரு கோரிக்கை. அடுத்த முறை பந்தலில் புத்தகக் கடைக்குப் பக்கத்தில் ஆறடிக்கு ஆறடி இடம் ஒதுக்குங்கள். பட்டடைக்கல்லும் ஊதுகுழலும் குறடும் நாங்கள் கொண்டுவருகிறோம். மணி கோர்க்கிற நரிக்குறவத் தோழியர் இரண்டு பேர் வரச் சம்மதித்திருக்கிறார்கள், மோட்டார் கம்பியில் தோடு செய்த பையனும் வருகிறான். கற்றுத்தர மனசுள்ள பொற்கொல்லர் யாராவது இதைப் படித்தால் அவரும் வரலாம், டீ நாங்கள் வாங்கித் தருகிறோம். ஒவ்வொரு பொருளிலும் ஒரு சீட்டுக் கட்டித் தொங்கும். அதில் விலைக்கு மேலே செய்தவர் பெயர் இருக்கும். பேரம் பேசுகிறவர்கள் முதலில் அந்தப் பெயரைச் சத்தமாகப் படித்துவிட்டுப் பேரம் பேசலாம்.